ஸ்பீக்கரில் பொன்னரசி

பொன்னரசி பஸ்ஸிலிருந்து விழுந்தது 2007 செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தாள் என்று கண்டக்டர் சொன்னான். இறங்கிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான் என்று அவள் சொன்னாள். யார் சொன்னது உண்மையோ, வலது தொடை எலும்பு முறிந்தது முறிந்ததுதான். ஒரு மாதம் அரசு மருத்துவமனையில் காலில் எடை கட்டிப் படுக்கவைத்தார்கள். பிறகு இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் அசையக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் பத்தாம் வகுப்பு. மார்ச்சில் போர்டு பரீட்சை.

ப்ரீதா அவளுடைய கணக்கு டீச்சர். இருபத்தொன்பது வயது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். டெல்லியின் அந்தத் தமிழ்ப் பள்ளியில் அது அவளுக்கு மூன்றாவது வருடம், ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஏப்ரலிலும் நிர்வாகம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பொன்னரசியைப் பார்க்க மோதி பாக் போனாள். ஓர் அதிகாரியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த சர்வென்ட் குவார்ட்டரில் ஒற்றை அறை. அம்மா செங்கம்மாள் அந்த வீட்டிலும் பக்கத்து இரண்டு வீடுகளிலும் சமையல் செய்தாள், பாத்திரம் தேய்த்தாள். அப்பா தர்மன் கட்டட வேலையில் கொத்தனாருக்குக் கையாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

"இந்த வருசம் போனா போவுதுங்க டீச்சர்," என்றாள் செங்கம்மாள். "காலு ஒழுங்கா சேந்தா அதுவே போதும். அடுத்த வருசம் படிக்கட்டும்."

"அடுத்த வருஷம் கண்டிப்பா அனுப்புவீங்களா?"

செங்கம்மாள் டீ டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கட்டிலில் மல்லாந்து கிடந்த பொன்னரசிதான் பதில் சொன்னாள்.

"அனுப்ப மாட்டாங்க டீச்சர். முன் வூட்டு மேடம் குழந்தையப் பாத்துக்க ஆள் வேணும்னு இப்பவே கேட்டுட்டாங்க."

அவள் குரலில் அழுகை இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் ப்ரீதாவுக்குத் தாங்கவில்லை. வகுப்பில் கணக்கை முடித்துவிட்டு, விடை சரியா என்று கேட்காமல், "வேற வழியில போட முடியுமா டீச்சர்?" என்று கேட்கிற ஒரே பெண் அவள்.

அன்று சாயங்காலம் ப்ரீதா தன் கணவன் வெங்கியின் பழைய செல்போனை அலமாரியிலிருந்து எடுத்தாள். வெங்கி குர்காவ்னில் மென்பொருள் வேலையில் இருந்தான். வருடத்துக்கு ஒரு போன் மாற்றுவான்.

"கணக்க எஸ்.எம்.எஸ்ல அனுப்பப் போறியா?" என்று சிரித்தான். "அனுப்பிப் பாரு."

தன் பெயரிலேயே ஒரு சிம் வாங்கிப் போட்டு, பொன்னரசிக்கென்று கொடுத்தான். சிரித்தாலும் செய்துவிடுகிறவன் அவன்.

அவன் சிரித்ததற்குக் காரணம் ஒரே வாரத்தில் புரிந்தது. அந்தப் போனில் தமிழ் எழுத்து வராது. கட்டம் கட்டமாகத்தான் வரும். சரி, ஆங்கில எழுத்தில் அனுப்பலாம் என்றால் வர்க்கத்துக்குக் குறி இல்லை, வர்க்கமூலத்துக்குக் குறி இல்லை. 'ரூட் 3எக்ஸ் ப்ளஸ் 1' என்று அனுப்பினாள். ரூட் 3எக்ஸுக்கு மட்டுமா, 1க்கும் சேர்த்தா என்று பொன்னரசிக்கு எப்படித் தெரியும்? அவள் ஒரு விதமாக எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்து, விடை வராமல், மிஸ்டு கால் கொடுத்தாள். ப்ரீதா கூப்பிட்டு விளக்கினாள். அடுத்த கணக்குக்கும் மிஸ்டு கால். அதற்கடுத்ததற்கும். ஒரு கணக்குக்கு ஐந்து செய்தியும் இரண்டு அழைப்பும் என்றால் சிலபஸ் எப்போது முடியும்?

நவம்பர் ஐந்தாம் தேதி, மூன்றாவது பீரியட் ஆரம்பித்ததும் ப்ரீதா தன் போனை எடுத்துப் பொன்னரசியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் டஸ்டருக்குச் சாய்த்து வைத்தாள்.

"பொன்னரசி லைன்ல இருக்கா. இன்னையிலேர்ந்து அவளும் க்ளாஸ்ல இருக்கான்னு வெச்சுக்கோங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து யாரோ, "ஹலோ, ஹலோ, கஸ்டமர் கேர்!" என்றான்.

முதல் மூன்று நாட்கள் படுதோல்வி. போர்டுப் பக்கம் திரும்பினால் டீச்சரின் குரல் அவளுக்குக் கேட்காது. மேஜைப் பக்கம் திரும்பினால் போர்டில் எழுத முடியாது. நாற்பத்திரண்டு பேர் பக்கம் புரட்டுகிற சத்தம் போனுக்குள் மழை மாதிரி கேட்டதாம். "கேக்கல டீச்சர்", "கேக்கல டீச்சர்" என்று அந்தச் சின்னக் குரல் வந்துகொண்டே இருந்தது. நடுவில் லைன் அறுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அறுந்தது. பொன்னரசியின் அறையில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. கட்டிலை அங்கே நகர்த்த நான்கு ஆள் வேண்டும். தர்மன் ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வேலை செய்கிறவர்களைக் கூட்டிவந்து நகர்த்தினான்.

நாலாவது நாள் வட்டமும் தொடுகோடும். ப்ரீதா போர்டில் வட்டம் போட்டு, வெளியே ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து இரண்டு கோடு இழுத்து, "இதுவும் இதுவும் சமம்," என்றாள்.

"எதுவும் எதுவும் டீச்சர்?" என்றது போன்.

வகுப்பு மறுபடி சிரித்தது. ப்ரீதாவுக்கு எரிச்சலாக வந்தது. சாக்பீஸை மேஜையில் போட்டாள். அப்போது முன் பெஞ்சில் இருந்த சுபாஷிணி எழுந்தாள். கணக்கில் நாற்பதைத் தாண்டாத பெண். வாய் மட்டும் நன்றாகப் பேசும்.

"நான் சொல்லட்டுமா மேம்?" என்று போனிடம் போனாள். "பொன்னு, சுன், கேளு. மொதல்ல ஒரு சர்க்கிள் போடு. நடுவுல ஓ. போட்டியா? இப்ப ரைட் சைட்ல, சர்க்கிளுக்கு வெளியே, நாலு விரல் தள்ளி ஒரு புள்ளி. அதுக்குப் பேர் பி. பிலேர்ந்து மேல ஒரு கோடு இழு. அது சர்க்கிளத் தொட்டுட்டுப் போயிடணும், உள்ள நுழையக் கூடாது. தொடற எடம் ஏ. அதே மாதிரி கீழ ஒண்ணு. தொடற எடம் பி."

"பிதான் ஏற்கெனவே வெச்சிட்டமே?"

சுபாஷிணி போர்டைத் திரும்பிப் பார்த்தாள். "அச்சா, ஸாரி. அது க்யூ."

"இப்ப பிஏவும் பிக்யூவும் சமமா?"

"ஆமா. ஏன்னா..." சுபாஷிணி நின்றுவிட்டாள். போர்டையே பார்த்தாள். "ஏன்னா, ஓவுலேர்ந்து ஏக்கு ஒரு கோடு போடு, க்யூவுக்கு ஒண்ணு. ரெண்டும் ரேடியஸ். அப்ப ரெண்டு ட்ரையாங்கிள் வருதுல்ல?"

ப்ரீதா அசையாமல் நின்றாள். தேற்றத்தை அந்தப் பெண் தானாகவே பாதி தூரம் நடத்திக்கொண்டு போய்விட்டாள். பார்த்து எழுதுகிறவரை ஒன்றும் புரியாதவளுக்கு, வாயால் சொல்லியாக வேண்டும் என்றதும் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினம் ஒருவர் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். போர்டில் இருப்பதை அவர்கள் சொல்ல வேண்டும். பொன்னரசி போட்டு, விடையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "இங்கே", "அங்கே", "இது", "அது" என்று சொன்னால் மொத்த வகுப்பும் 'ஓ' என்று கத்தும். பின் பெஞ்சு கஸ்டமர் கேர் பையன்கூட ஒரு நாள் முக்கோணவியல் சொன்னான். டிசம்பர் பரீட்சையில் வகுப்பின் சராசரி ஒன்பது மதிப்பெண் ஏறியது. ப்ரீதா ஒரு நோட்டில் தேதி, பாடம், எத்தனை நிமிடம், அன்று சொன்னது யார் என்று எழுதிவைத்தாள்.

அறிவியலுக்கும் இதைச் செய்தால் என்ன என்று சங்கரநாராயணன் சாரைக் கேட்டாள். திருநெல்வேலிக்காரர், இருபத்தாறு வருட சர்வீஸ்.

"லென்ஸ் படத்த கண்ணால பாக்காம போன்ல கேட்டு படிக்கவா? அதெல்லாம் சரிப்படாதும்மா. பிள்ள எந்திரிச்சு வரட்டும், எத்தன நேரம்னாலும் உக்காந்து சொல்லித்தாரேன்."

"அவ எந்திரிக்கறப்ப பரீட்சை வந்துடும் சார்."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்று விடைத்தாள் கட்டைப் பிரித்தார்.

டிசம்பர் பதினெட்டு அன்று பிரின்சிபால் ராஜகோபாலன் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு கடிதம் இருந்தது.

"உக்காருங்கோம்மா. ஒரு பேரன்ட் எழுதியிருக்கார். க்ளாஸ்ல டீச்சர் தெனம் முக்கால் மணி நேரம் செல்போன் பேசறாங்கன்னு."

"பேசலை சார். பாடம் நடத்தறேன். நீங்க ஒரு நாள் வந்து பாருங்க."

"எனக்குத் தெரியும். நீங்க பண்றது தப்புன்னு நான் சொல்லலையே. ஆனா காமிரா வெச்ச போனெல்லாம் வந்ததுலேர்ந்து எல்லா ஸ்கூலும் பயந்துண்டிருக்கு. நம்ம ரூல்லயே இருக்கு, கட்டடத்துக்குள்ள போன் கூடாதுன்னு. ஜனவரில இன்ஸ்பெக்‌ஷன் வேற. டேபிள் மேல போன் இருக்கறத ஒருத்தர் பாத்தா, நீங்க எதுக்கு வெச்சேள்னா கேப்பார்?"

"டிசம்பர் மார்க்ஸைப் பாத்தீங்களா சார்? அந்த போனால மத்தவங்களுக்கும்..."

"பாத்தேன். நல்லா இருக்கு. அதே மாதிரி போன் இல்லாம பண்ணுங்கோ."

ப்ரீதாவுக்குக் காது சுட்டது. போன் இல்லாமல் யாருக்குச் சொல்வார்கள்? கேட்கிற ஆள் ஒருத்தி நிஜமாகவே படத்தைப் பார்க்க முடியாமல் இருந்ததால்தானே அவர்கள் சொன்னார்கள்? இதை எப்படிச் சொல்வது என்று அவள் வார்த்தை தேடுவதற்குள் அவர் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார்.

வகுப்பில் போன் நின்றது. ஆனால் பள்ளி விட்டதும் வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் சுபாஷிணியும் இன்னும் மூன்று பெண்களும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "கட்டடத்துக்குள்ளதான மேம் கூடாது?" என்றாள் சுபாஷிணி. ப்ரீதா போனைக் கொடுத்தாள். ஜனவரிக் குளிரில் ஷாலைப் போர்த்திக்கொண்டு, ஒருத்தி நோட்டைப் பிடிக்க, ஒருத்தி போனைப் பிடிக்க, அன்றைய பாடத்தைப் பொன்னரசிக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு பஸ் வரும்போதும் கத்த வேண்டியிருந்தது. கடலை விற்கிற ஆள், "ஓ தீதி, தீரே போலோ!" என்று, மெதுவாகப் பேசச் சொல்லிச் சிரிப்பான். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறுவார்கள்.

பதினோரு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் ப்ரீதாவின் கையில் ஒரு மெமோ வந்தது. பள்ளி நேரத்துக்குப் பின் பொது இடத்தில் மாணவிகளிடம் செல்போன் கொடுத்து அவர்கள் வீடு திரும்புவதைத் தாமதப்படுத்தியது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். யாரோ ஒரு தகப்பனார் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். பெண் யாருடனோ போனில் சிரித்துப் பேசுவதாக நினைத்திருக்கிறார்.

"ஸாரி சொல்லி எழுதிக் குடுத்துடு," என்றான் வெங்கி.

"எதுக்கு ஸாரி?"

"எதுக்கா இருந்தா என்ன? ஏப்ரல் வருதுல்ல."

அவள் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நடந்ததை அப்படியே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பதிலே வரவில்லை.

அதே வாரம் வருகைப் பிரச்சினை வந்தது. எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். பொன்னரசிக்கு ஐம்பதுகூட இல்லை. மருத்துவக் காரணம் காட்டி விலக்குக் கேட்டுப் பள்ளி எழுதினால் தேர்வு போர்டு அனுமதிக்கலாம். ப்ரீதா தன் நோட்டைப் பிரதி எடுத்து, விண்ணப்பத்தோடு சேர்த்து ராஜகோபாலனிடம் கொண்டுபோனாள். முப்பது வகுப்புகள், பஸ் நிறுத்தத்தில் பதினொன்று.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். பிறகு அந்தத் தாள்களை மட்டும் உருவி அவளிடம் நீட்டினார்.

"இது வேண்டாம்."

"சார், அவ படிக்கறத நிறுத்தவே இல்லைங்கறதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி."

"இதை வெச்சு அனுப்பினா, உங்க ஸ்கூல்ல போன் அலவ்டான்னு முதல்ல கேப்பா. அப்புறம் அந்தப் பொண்ணோட கேஸ் ஓரமாப் போயிடும். டாக்டர் சர்டிஃபிகேட் மட்டும் போறும். நான் நேர்ல போய்ச் சொல்லி வாங்கித் தரேன். அவ எழுதணுமா, உங்க நோட்டு போணுமா? சொல்லுங்கோ."

ப்ரீதா தாள்களை வாங்கிக்கொண்டாள். வாசல்வரை வந்து, திரும்பிப் போய் ஏதாவது சொல்லலாமா என்று நின்றாள்.  அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

ராஜகோபாலன் சொன்னபடி இரண்டு முறை நேரில் அலைந்து அனுமதி வாங்கினார். பிப்ரவரியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மார்ச்சில் பொன்னரசி இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி, ஆட்டோவில் போய்ப் பரீட்சை எழுதினாள். ஏப்ரலில் நிர்வாகம் ப்ரீதாவின் தாளில் கையெழுத்துப் போடவில்லை. காரணம் எதுவும் எழுதப்படவில்லை; நிரந்தர ஆள் வருகிறார் என்று அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள்.

மே கடைசியில் ரிசல்ட். செங்கம்மாளின் முன் வீட்டு மேடம் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்ல, பொன்னரசி போன் செய்தாள்.

"மேத்ஸ் எழுபத்தி ஒண்ணு டீச்சர்."

"எழுபத்தொண்ணா! சபாஷ்!" ப்ரீதா சமையலறையில் கத்தியே விட்டாள். "மத்ததெல்லாம்?"

"தமிழ், இங்கிலீஷ், சோஷியல் பாஸ். சயின்ஸ் இருபத்தெட்டு. கம்பார்ட்மென்ட்."

தேற முப்பத்துமூன்று வேண்டும்; அந்தப் பாடத்தை மட்டும் ஜூலையில் மறுபடி எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் குறைவு. ப்ரீதா அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி, அந்த மனிதர் போனைக் காதில் வைத்திருந்தால் ஐந்து மதிப்பெண் வந்திருக்காதா? உடனே சங்கரநாராயணனைக் கூப்பிட்டாள். அவர் ஊரில் இருந்தார்.

"சார், இருபத்தெட்டு."

"பாத்தேன்," என்றார். "இருபதாம் தேதி டெல்லி வாரேன். ஜூலைலதான பரீட்சை? பிள்ளைய கோல் மார்க்கெட்டுக்கு நம்ம வீட்டுக்கு அனுப்பச் சொல்லு. இப்பதான் நடக்குதாமே."

"இப்ப இருபது நாள் வீணாப் போகும் சார். போன்லயே ஆரம்பிக்கலாமே?"

"ஏம்மா, எனக்கு அது வராது," என்றார். முதல் தடவையாக அவர் குரல் தணிந்திருந்தது. "முகத்தப் பாக்காம எனக்கு நடத்த வராது. வச்சிக்கிட்டு இல்லைன்னு சொல்லல. வராது."

இதை டிசம்பரில் சொல்லியிருந்தால் வேறு யாரையாவது தேடியிருப்பேனே என்று சொல்ல வாயெடுத்து, ப்ரீதா அடக்கிக்கொண்டாள். பத்திரமாக வாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஜூன் கடைசி வெயிலில் பொன்னரசி ஒரு கைத்தடியோடு மோதி பாக்கிலிருந்து கோல் மார்க்கெட்டுக்குப் பதினாறு நாள் போய்வந்தாள். முதல் இரண்டு நாள் தர்மன் கூடப் போனான். மறுபடி பஸ்ஸில் ஏற அவளுக்குப் பயம். படியில் கால் வைக்கும்போது அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொள்வாளாம். மூன்றாம் நாளிலிருந்து தனியாகப் போனாள்.

கம்பார்ட்மென்ட் தேர்வில் அவள் தேறிய செய்தி ஆகஸ்டில் வந்தது. ப்ரீதா ஒரு பெட்டி இனிப்போடு மோதி பாக் போனாள். செங்கம்மாள் வேலைக்குப் போயிருந்தாள். பொன்னரசி வாசலில் நின்று வரவேற்றாள். வலது காலை லேசாக இழுத்து நடந்தாள். அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தாள். முன் வீட்டு மேடம் குழந்தைக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டுவிட்டார்.

"சங்கரநாராயணன் சார் எப்படி நடத்தினார்?"

"சூப்பரா நடத்தினார் டீச்சர். நமக்குப் புரியலன்னா நாம சொல்லவே வேணாம். மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாரு. மறுபடி மொதல்லேர்ந்து சொல்வாரு."

ப்ரீதா இனிப்புப் பெட்டியின் நூலை அவிழ்த்தாள். முடிச்சு விழுந்திருந்தது.

"என் க்ளாஸ்ல அது முடியலை, இல்ல?"

"போன்லயா?" பொன்னரசி யோசித்தாள். பொய் சொல்ல வராத பெண். "முடியல டீச்சர். காது சூடாயிடும். லைன் கட்டானா அழுக அழுகயா வரும். எல்லாரும் சிரிக்கிறது மட்டும் கேக்கும், எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாது. எனக்கு க்ளாஸ்ல உக்காரணும் போல இருக்கும்."

"இத நீ அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நிறுத்திடுவீங்களே டீச்சர்."

 ப்ரீதாவின் மனதில் பாதிப் பேச்சு ராஜகோபாலனோடு ஓடிக்கொண்டிருந்தது, பாதி சங்கரநாராயணனோடு. ஆறு மாதமாகவே அப்படித்தான். இந்தப் பெண்ணோடு மட்டும் அவள் பேசவே இல்லை போலிருந்தது.

"அது இல்லன்னா மேத்ஸும் போயிருக்கும்," என்றாள் பொன்னரசி, அவசரமாக. "எல்லாம் போயிருக்கும். நான் இந்நேரம் முன் வூட்ல குழந்தைய வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். அதையும் சொல்லணும்ல?"

முடிச்சு அவிழவில்லை. பொன்னரசி உள்ளே போய்க் கத்தி எடுத்துவந்து நூலை அறுத்தாள். இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு லட்டு எடுத்துக்கொண்டார்கள்.

"நீங்க எப்ப ஸ்கூலுக்கு வருவீங்க டீச்சர்? லெவன்த்துக்கு நீங்கதானே மேத்ஸ்?"

ப்ரீதாவுக்கு வேலை போனதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"இல்ல பொன்னரசி," என்றாள் ப்ரீதா. "நான் வேற ஸ்கூல் தேடிண்டிருக்கேன்."